கொத்தடிமை மீட்பு: எந்த அலுவலகம் எதைச் செய்யும், எங்கே சறுக்கும்

கேள்வி இதுதான்: "பக்கத்து ஊர்ச் செங்கல் சூளையில் வெளியூர்க் குடும்பங்களை வெளியே விடாமல் வேலை வாங்குகிறார்கள். போலீஸிடம் போ, தாசில்தாரிடம் போ, தொழிலாளர் துறையிடம் போ என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். யாரிடம்தான் போவது? மீட்டால் அவர்களுக்கு என்ன கிடைக்கும்? மீட்கப்பட்ட சிலர் திரும்பவும் சூளைக்கே வந்துவிடுகிறார்களே, ஏன்?"

முதல் கேள்விக்கு ஒரே வரியில் பதில் சொல்லலாம். தமிழ்நாட்டில் கோட்டாட்சியரிடம் போங்கள். சில கோட்டங்களில் அந்த நாற்காலியில் சார் ஆட்சியர் இருப்பார். 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம் விசாரிக்கும் கடமையை மாவட்ட ஆட்சியரிடமும், அவர் அதிகாரம் அளித்த வருவாய் அதிகாரிகளிடமும்தான் கொடுத்திருக்கிறது. மற்றத் துறைகள் எல்லாம் அவரோடு வர வேண்டியவை. கடைசிக் கேள்விக்குத்தான் நீண்ட பதில் தேவைப்படுகிறது. மீட்பு கெடுவது பெரும்பாலும் சூளை வாசலில் இல்லை. ஒரு அலுவலகம் தன் வேலையை முடித்து அடுத்த அலுவலகத்திடம் ஒப்படைக்கும் இடத்தில்தான் கெடுகிறது.

முதலில், அது கொத்தடிமைத்தனம்தானா என்பதை எப்படிப் பார்ப்பது? சங்கிலி, பூட்டு எதுவும் தேவையில்லை. முன்பணமோ கடனோ வாங்கியிருக்க வேண்டும். அதற்கு ஈடாகக் கூலியே இல்லாமலோ பெயரளவுக் கூலிக்கோ வேலை செய்வது, வேறு இடத்தில் வேலைக்குப் போக முடியாதது, விரும்பியபடி வெளியே போய்வர முடியாதது, தன் உழைப்பையோ பொருளையோ சந்தை விலைக்கு விற்க முடியாதது ஆகிய நான்கில் ஒன்று இருந்தால் போதும். பெயரளவுக் கூலி என்பது அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே எதுவும். குறைந்தபட்சக் கூலிக்குக் குறைவாகக் கொடுத்து வேலை வாங்குவது கட்டாய உழைப்பே என்று உச்ச நீதிமன்றம் 1982இல் ஆசியப் போட்டிக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் சொன்னது. கட்டாயமாக வேலை வாங்கப்படுகிறார் என்று தெரிந்தால், முன்பணம் வாங்கியிருக்கிறார் என்றே அனுமானிக்க வேண்டும் என்று 1983இல் பந்துவா முக்தி மோர்ச்சா வழக்கில் சொன்னது. கொத்தடிமைக் கடன் அல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பைச் சட்டத்தின் 15ஆம் பிரிவு முதலாளி மேலேயே வைக்கிறது. "முன்பணத்துக்கு ஆதாரம் எங்கே?" என்று தொழிலாளியைக் கேட்டுத் திருப்பி அனுப்பும் அதிகாரியிடம் இந்த மூன்றையும் எழுத்தில் கொடுங்கள்.

சூளையில் இது எப்படி நடக்கும் என்றால், கூலி ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று பேசப்படும். கணவன், மனைவி, பிள்ளை எல்லாரும் மண் குழைத்து அச்சில் போட்டாலும் கணக்கு ஒருவர் பெயரில்தான் ஓடும். வாரா வாரம் சாப்பாட்டுச் செலவுக்குக் கொஞ்சம் பணம் தருவார்கள். மீதிக் கணக்கு சீசன் முடிவில். மழையில் கரைந்த கல், உடைந்த கல், மருத்துவச் செலவு எல்லாம் பிடித்தம். சந்தைக்கு வீட்டில் ஒருவர் மட்டும் போகலாம், மற்றவர்கள் சூளையில் இருக்க வேண்டும். அந்த இருப்புதான் பிணை. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எல்லாம் சாதாரண வேலையாகத்தான் தெரியும்.

புகாரில் என்ன எழுத வேண்டும்? இடம் எங்கே என்று கூகுள் வரைபடக் குறியோடு, எத்தனை குடும்பங்கள், எந்த ஊர்க்காரர்கள், என்ன மொழி, 18 வயதுக்குக் கீழே எத்தனை பேர், முன்பணம் எவ்வளவு என்று சொல்கிறார்கள், யாராவது வெளியேற முயன்றபோது என்ன நடந்தது. அவ்வளவு போதும். கோட்டாட்சியருக்குக் கொடுத்து, ஆட்சியருக்கும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கும் நகல் அனுப்புங்கள். ஆணைக்குழுவின் உதவி எண் 15100. குழந்தை இருந்தால் 1098. அடி விழுந்துகொண்டிருக்கிறது, உயிருக்கு ஆபத்து என்றால் காத்திருக்காமல் 112. நீங்களாகப் போய்ச் சூளைக்காரரிடம் பேசவோ, உள்ளே நின்று வீடியோ எடுத்துப் பரப்பவோ வேண்டாம். செய்தி கசிந்த அன்றிரவே ஆட்களை லாரியில் ஏற்றி வேறு இடத்துக்கு அனுப்பிவிட முடியும். இதே காரணத்தால், "முதலில் கிராம நிர்வாக அலுவலரை அனுப்பிப் பார்த்துவிட்டு வரச் சொல்கிறேன்" என்று கோட்டாட்சியர் சொன்னால் வேண்டாம் என்று பணிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். நல்ல கிராம நிர்வாக அலுவலர் என்றாலும் அவர் வண்டி சூளைக்குள் நுழைவதே ஒரு தகவல்தான்.

மீட்புக்கு முன் எல்லாத் துறையும் ஒரு மேசையில் உட்காருவது அவசியம். கோட்டாட்சியர், காவல்துறைத் துணைக் கண்காணிப்பாளர் அல்லது ஆள்கடத்தல் தடுப்புப் பிரிவு, தொழிலாளர் துறை ஆய்வாளர், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து ஒருவர், அரசு மருத்துவமனையிலிருந்து ஒருவர், இந்த வேலையில் பழகிய தொண்டு நிறுவனம் ஒன்று, மொழிபெயர்ப்பாளர். எல்லாருக்கும் சூளையின் பெயரை முன்கூட்டியே சொல்ல வேண்டியதில்லை, நேரத்தையும் கூடும் இடத்தையும் சொன்னால் போதும். காலையிலேயே தொடங்க வேண்டும். 60 பேரைத் தனித்தனியாக விசாரிக்க ஒரு முழுப் பகல் போதாது. பேருந்தோடு ஒரு சரக்கு வண்டியும் வேண்டும். பாத்திரம், பாய், கோழி, துணிமூட்டை எல்லாவற்றையும் விட்டுவிட்டு வா என்றால் யாரும் வர மாட்டார்கள், வரவும் கூடாது, அதுதான் அவர்கள் சொத்து.

மொழிபெயர்ப்பாளர் விஷயத்தில் அடிக்கடி தவறு நடக்கிறது. மேற்கு ஒடிசாவின் பலாங்கீர், நுவாபடா மாவட்டங்களிலிருந்து வருபவர்கள் வீட்டில் பேசுவது சம்பல்பூரி. இந்தி தெரிந்த ஒரு காவலரை வைத்துச் சமாளித்தால் ஆண்கள் இரண்டு வார்த்தை பேசுவார்கள், பெண்கள் பேசவே மாட்டார்கள். அதைவிட மோசம், அவர்களை அழைத்து வந்த தரகரையே மொழிபெயர்க்கச் சொல்வது. 'சர்தார்' என்று அவர்கள் அழைக்கும் அந்த ஆள்தான் முன்பணம் கொடுத்தவர், பல வழக்குகளில் அவரே குற்றவாளியாகச் சேர்க்கப்பட வேண்டியவர்.

விசாரணையைச் சூளை வளாகத்துக்கு வெளியே நடத்துங்கள். கோட்டாட்சியர் அலுவலகமோ திருமண மண்டபமோ, உரிமையாளரின் ஆட்கள் கண்ணில் படாத எந்த இடமும் சரி. "நீங்கள் கொத்தடிமையா?" என்று கேட்டால் எல்லாரும் இல்லை என்பார்கள். அந்தப் பதிலை எழுதி, "கொத்தடிமை யாரும் இல்லை" என்று அறிக்கை முடித்துவிட முடியும். கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. எவ்வளவு வாங்கினீர்கள், யார் கையால், எந்த மாதம்? கடைசியாகக் கணக்குப் பார்த்தது எப்போது, இன்னும் எவ்வளவு பாக்கி என்றார்கள்? ஊரில் சாவு என்றால் போக முடியுமா, போனால் இங்கே யார் இருக்க வேண்டும்? உடம்பு சரியில்லாத நாளில் என்ன செய்வார்கள்? போன் யாரிடம் இருக்கிறது? பெண்களைப் பெண் அதிகாரி தனியாக விசாரிக்க வேண்டும். பாலியல் தொல்லை நடந்திருந்தால் அது கூட்டத்தில் வெளியே வராது.

இதே நேரத்தில் இன்னொரு வேலை சூளை அலுவலக அறையில் நடக்க வேண்டும். அங்கே ஒரு கணக்கு நோட்டு இருக்கும். குடும்பத்துக்கு ஒரு பக்கம், தேதி, கல் எண்ணிக்கை, வாரச் செலவு, பிடித்தம், மேலே முன்பணத் தொகை. போலீஸ் அதை மகஜர் (சாட்சிகள் முன் எழுதும் பதிவு) போட்டுக் கைப்பற்ற வேண்டும், தொழிலாளர் ஆய்வாளர் அதை வைத்துக் குறைந்தபட்சக் கூலிக்கும் கொடுத்த கூலிக்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்கிட வேண்டும். கொடுக்காமல் விட்ட கூலியைத் தனியாகக் கேட்டுப் பெறலாம், மறுவாழ்வுத் தொகை அதற்கு மாற்று ஆகாது. மறுநாள் போனால் நோட்டு இருக்காது.

இனி விடுவிப்புச் சான்றிதழ். இந்த முழு வேலையிலும் ஒரு காகிதத்தை மட்டும் காப்பாற்ற முடியும் என்றால் இதைக் காப்பாற்றுங்கள். கடன் சட்டப்படி ஒழிந்தது என்பதற்கும், பின்னால் வரும் ஒவ்வொரு உதவிக்கும் இதுதான் சாவி. கோட்டாட்சியர் விசாரணை முடித்த கையோடு, அவர்கள் வண்டி ஏறுவதற்கு முன்பே கொடுக்க வேண்டும். ஊருக்குப் போங்கள், தபாலில் வரும் என்று சொல்லி அனுப்பிய சான்றிதழைத் துரத்திப் பெறுவது எவ்வளவு கடினம் என்பது இந்த வேலையில் இருக்கும் எல்லாருக்கும் தெரியும்.

சான்றிதழில் மூன்று குறைகள் திரும்பத் திரும்ப வருகின்றன. குடும்பத்துக்கு ஒன்று என்று கணவர் பெயரில் கொடுத்துவிடுவது முதலாவது. வேலை செய்த ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக, மனைவிக்கும் பிள்ளைக்கும் சேர்த்து, கொடுக்க வேண்டும். பெண்ணுக்குரிய தொகை ஆணுக்குரியதைவிட அதிகம் என்பதால் இந்தக் குறை நேரடிப் பண இழப்பு. இரண்டாவது, வெளிமாநிலத்தாருக்கும் தமிழில் மட்டுமே எழுதிக் கொடுப்பது. பலாங்கீர் வட்டார அலுவலகத்தில் அதைப் படிக்க ஆள் இல்லை, ஆங்கிலத்திலும் சேர்த்து எழுதி முத்திரை வைக்க வேண்டும். மூன்றாவது, பெயர். காதில் விழுந்தபடி எழுதிய குடும்பப் பெயர், வாக்காளர் அட்டையில் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி, சான்றிதழில் மூன்றாவது மாதிரி என்றால் வங்கிக் கணக்கில் பணம் ஏறாது. அட்டை கையில் இருந்தால் அதைப் பார்த்தே எழுதுங்கள்.

காவல்துறைப் பக்கம் பார்ப்போம். 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் மட்டும் வழக்குப் போட்டால் அதிகபட்சத் தண்டனை 3 ஆண்டுச் சிறையும் 2,000 ரூபாய் அபராதமும். ஜாமீனில் வரக்கூடிய குற்றம். சூளைக்காரர் அன்றே வெளியே வருவார். முன்பணம் காட்டி, ஏமாற்றி, அல்லது அதிகாரத்தைப் பயன்படுத்தி ஆள் சேர்த்துச் சுரண்டியிருந்தால் இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 143ஆம் பிரிவு, அதாவது ஆள்கடத்தல், பொருந்தும். ஒன்றுக்கு மேற்பட்டவர்களைக் கடத்தியிருந்தால் 10 ஆண்டிலிருந்து ஆயுள் வரை. பாதிக்கப்பட்டவர் சம்மதித்தே வந்தார் என்பது அதில் வாதமாகாது. பாதிக்கப்பட்டவர்கள் பட்டியல் சாதியினர் அல்லது பழங்குடியினராக இருந்து, குற்றவாளி அந்தப் பிரிவுகளைச் சேராதவராக இருந்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(எச்) பிரிவும் வரும். அப்போது துணைக் கண்காணிப்பாளர் நிலையில் உள்ளவர் விசாரிக்க வேண்டும், அரசின் நிவாரணத் தொகையும் தவணைகளாகத் தனியே வரும். புகார்தாரராக ஒரு ஏழைத் தொழிலாளியை நிறுத்தாமல், கோட்டாட்சியரோ அவர் சார்பில் ஒரு வருவாய் அலுவலரோ விசாரணை அறிக்கையை இணைத்துப் புகார் கொடுப்பதே முறை. வருவாய்த் துறை எடுத்த வாக்குமூலத்தில் முன்பணம் 20,000 என்றும் போலீஸ் எடுத்ததில் 25,000 என்றும் இருந்தால், சில ஆண்டுகள் கழித்துக் குறுக்கு விசாரணையில் அது ஒன்றே வழக்கை உடைக்கப் போதும். இரண்டு வாக்குமூலமும் ஒரே மொழிபெயர்ப்பாளர் வழியாக, முதலாவதன் நகலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பதிவானால் இந்தச் சிக்கல் பாதி குறையும்.

குழந்தைகள் தனியாக வேலை செய்தவர்கள் என்றால் 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன் போக வேண்டும். பெற்றோருடன் இருக்கும் பிள்ளைகளையும் குழு பார்க்க வேண்டும், ஆனால் காரணமில்லாமல் தாயிடமிருந்து பிரித்து இல்லத்தில் வைப்பது இன்னொரு காயம். மருத்துவப் பரிசோதனை சுருக்கமாகவாவது நடக்க வேண்டும். அடிபட்ட தழும்பு, வெந்த காயம், கர்ப்பிணிகள், தடுப்பூசி விட்டுப்போன குழந்தைகள்.

பணத்துக்கு வருவோம். மத்திய அரசின் மறுவாழ்வுத் திட்டம் 2016இல் மாற்றியமைக்கப்பட்டு, 2022 ஜனவரி முதல் இன்னும் கொஞ்சம் திருத்தத்தோடு நடைமுறையில் இருக்கிறது. வயது வந்த ஆணுக்கு 1 லட்சம் ரூபாய், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 2 லட்சம், பாலியல் சுரண்டல், கடத்தல் போன்ற கொடிய நிலையிலிருந்து மீட்கப்பட்ட பெண்கள், குழந்தைகள், திருநர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு 3 லட்சம். மீட்டவுடன் கொடுக்க வேண்டிய உடனடி உதவி 30,000 ரூபாய் வரை. இந்த உடனடி உதவியைத் தாமதமின்றிக் கொடுக்க ஒவ்வொரு மாவட்டத்திலும் குறைந்தது 10 லட்சம் ரூபாய் நிரந்தர நிதி வைத்திருக்கச் சொல்கிறது திட்டம்.

இங்கே ஒரு எளிய கணக்கைப் போட்டுப் பாருங்கள். 10 லட்சத்தை 30,000ஆல் வகுத்தால் 33 பேர். ஒரே சூளையில் 20 குடும்பம், குடும்பத்துக்கு இரண்டு பெரியவர் என்றால் 40 பேர், 12 லட்சம் வேண்டும். ஒரே மீட்பில் நிதி தீர்ந்துவிடும், மத்திய அரசிடம் கேட்டு மீண்டும் நிரப்பும் வரை அடுத்தவர்களுக்குக் காத்திருப்புதான். அதனால் மீட்புக்குத் தேதி குறிக்கும்போதே நிதியில் எவ்வளவு இருக்கிறது என்று ஆட்சியர் அலுவலகத்தில் கேட்டு, குறைந்தால் ஈடுகட்ட வழி பார்த்து வைக்க வேண்டும்.

உடனடி உதவி வழக்கின் முடிவைச் சார்ந்ததல்ல. முழுத் தொகை அப்படியில்லை. கொத்தடிமைத்தனம் நிரூபணமாவதோடும் நீதிமன்ற நடவடிக்கையோடும் அது பிணைக்கப்பட்டிருக்கிறது. முழுத் தொகை கேட்டு முன்மொழிவு அனுப்புவதை, முதலாளிக்கு இன்னும் தண்டனை வரவில்லை என்று நிறுத்தி வைக்கக் கூடாது என்று திட்டமே சொன்னாலும், இறுதிப் பட்டுவாடா தள்ளிப்போகிறது. இது இந்தத் திட்டத்தின் பெரிய குறை என்று நினைக்கிறேன். ஜாமீனில் வந்தவர் வழக்கை இழுத்தடிப்பதற்கு, மீட்கப்பட்டவர் பட்டினியோடு விலை கொடுக்கிறார். 1984இல் நீரஜா சௌத்ரி வழக்கிலேயே, விடுவித்துவிட்டு மறுவாழ்வு கொடுக்காமல் விட்டால் அவர்கள் வறுமையால் மீண்டும் அடிமைத்தனத்துக்கே தள்ளப்படுவார்கள் என்று உச்ச நீதிமன்றம் எச்சரித்தது. இந்த இடைவெளியைச் சட்டப்பணிகள் ஆணைக்குழு ஓரளவு அடைக்கலாம். ஆள்கடத்தலுக்கோ கட்டாய உழைப்புக்கோ ஆளானவருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் தர வேண்டும் என்பது 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம். பாதிக்கப்பட்டோர் இழப்பீட்டுத் திட்டத்தில் இடைக்கால உதவி கேட்கவும் அங்கேயே மனுப் போடலாம்.

வங்கிக் கணக்கு சின்ன விஷயம் போலத் தெரியும், ஆனால் நிறையப் பேர் தடுக்கி விழுவது இதில்தான். மீட்ட ஊரில் அவசரமாகத் திறந்த கணக்கு, அவர்கள் ஆயிரம் கிலோமீட்டர் தள்ளிப் போனதும் செயலற்றுப் போகும். ஆதாரோடு இணைத்த கைபேசி எண் சர்தாருடையதாக இருக்கும், ஓடிபி அவருக்குப் போகும். கணவன் மனைவி கூட்டுக் கணக்கில் போட்டால் மனைவியின் 2 லட்சம் யார் கையில் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. சொந்த ஊருக்குப் பக்கத்து வங்கிக் கிளையிலோ அஞ்சலகத்திலோ ஒவ்வொருவர் பெயரிலும் தனிக் கணக்கு திறக்க வைப்பதே சரி. கொத்தடிமை ஒழிப்பைக் கவனிக்க மாவட்டத்தில் அமைக்கும் கண்காணிப்புக் குழுவில் கடன் வழங்கும் நிறுவனங்களின் சார்பில் ஒருவர் இருக்க வேண்டும் என்று கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தின் 13ஆம் பிரிவு 1976லேயே எழுதி வைத்திருக்கிறது. விடுபட்டவருக்குக் கடன் வசதி கிடைக்கச் செய்வதும், பழைய கடனைக் கேட்டு யாராவது வழக்குப் போட்டால் அவர் சார்பில் எதிர்கொள்வதும்கூட அந்தக் குழுவின் வேலை. குழு கூடும்போது அந்த வங்கி உறுப்பினர் வந்திருக்கிறாரா என்று பாருங்கள், வராவிட்டால் எழுதிக் கேளுங்கள்.

ஊருக்கு அனுப்புவதை ரயிலேற்றி விடுவதோடு முடித்துக்கொள்ளக் கூடாது. முன்பதிவு செய்த பெட்டி, வழிச் சாப்பாடு, கூடவே போலீஸ் துணை வேண்டும். இறங்கும் நிலையத்தில் சொந்த மாவட்ட நிர்வாகத்தின் ஆள் பெயர்ப்பட்டியலோடு நிற்க வேண்டும். பலாங்கீர் மாவட்டத்தின் காண்டாபாஞ்சி போன்ற நிலையங்களில் தரகர்களுக்கும் ஆள் உண்டு. விடுவிப்புச் சான்றிதழ், விசாரணை அறிக்கை, முதல் தகவல் அறிக்கை, கொடுத்த தொகை விவரம் ஆகியவற்றை அந்த மாவட்ட ஆட்சியருக்கு மின்னஞ்சலில் அனுப்பி, போனில் பேசி, ஒப்புகை வாங்க வேண்டும். ஒவ்வொருவர் கையிலும் ஒரு நகல் பிளாஸ்டிக் உறையில் இருக்கட்டும்.

உள்ளூர் இருளர் குடும்பங்கள் என்றால் சிக்கல் வேறு மாதிரி. சவுக்கு வெட்டு, சூளை, அரிசி ஆலை என்று எங்கே மீட்டாலும் அவர்கள் குடியிருந்த குடிசை பல நேரம் முதலாளியின் நிலத்தில்தான் இருக்கும். கொத்தடிமை வேலையின் பேரில் கொடுத்த குடியிருப்பிலிருந்து விடுபட்டவரை வெளியேற்றக் கூடாது என்கிறது 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின் 8ஆம் பிரிவு. ஆனாலும் அங்கே தொடர்ந்து இருப்பது பாதுகாப்பில்லை. வீட்டுமனைப் பட்டா, வீடு, ரேஷன் அட்டை எல்லாவற்றுக்கும் முன் நிற்பது பழங்குடியினர் சாதிச் சான்று. தமிழ்நாட்டில் அதைக் கொடுப்பவர் அதே கோட்டாட்சியர்தான். விடுவிப்புச் சான்றிதழில் கையெழுத்திட்ட வாரத்திலேயே சாதிச் சான்றுக்கான விசாரணையையும் அவர் தொடங்கிவைக்கலாம். தனித்தனி மனுவாக விட்டால் மாதக்கணக்கில் கிடக்கும். மிகவும் பாதிக்கப்படக்கூடிய பழங்குடிக் குழுக்களின் பட்டியலில் இருளர் இருப்பதால், அத்தகைய குழுக்களுக்கான மத்திய அரசின் பிஎம் ஜன்மன் திட்டத்தில் வீடு கேட்கவும் தகுதி உண்டு.

திரும்பவும் ஏன் சூளைக்குப் போகிறார்கள் என்பதற்கு நாட்காட்டியைப் பாருங்கள். மேற்கு ஒடிசாவில் ஆகஸ்ட், செப்டம்பரில் வரும் நுவாகாய் பண்டிகையை ஒட்டி முன்பணம் கைமாறும். மழை ஓய்ந்ததும் பயணம், வெயில் காலம் முடியும் வரை வேலை. பிப்ரவரியில் மீட்ட குடும்பத்துக்கு நுவாகாய்க்குள் ஆறு, ஏழு மாதம்தான் இருக்கிறது. 30,000 ரூபாயில் பழைய கைமாற்றும் மருத்துவச் செலவும் போக மிஞ்சுவது கொஞ்சம். அதற்குள் ரேஷன், வேலை அட்டை, ஆடு மாடு அல்லது கொஞ்சம் நிலம், பிள்ளைக்குப் பள்ளிச் சேர்க்கை ஏதாவது நடந்திருந்தால் தரகரிடம் "வேண்டாம்" என்று சொல்ல முடியும். இல்லையென்றால் அவர் நீட்டும் பணம்தான் அந்த வீட்டுக்கு வரும் ஒரே கடன் வசதி.

ஆகவே மீட்ட மாவட்டமும் சொந்த மாவட்டமும் சேர்ந்து ஒரு ஆய்வை ஜூலைக்குள் வைத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஐந்து விவரம் நிரப்பினால் போதும்: உடனடி உதவி எந்தத் தேதியில் எந்தக் கணக்கில் ஏறியது, முழுத் தொகைக்கு முன்மொழிவு போனதா, ரேஷன் அட்டை வந்ததா, பிள்ளை எந்த வகுப்பில் இருக்கிறது, வழக்கின் அடுத்த விசாரணைத் தேதியை அவருக்கு யார் சொன்னார்கள். கோட்டாட்சியர் மாறிப்போயிருந்தால் புதியவரிடம் இந்தத் தாளையும் சான்றிதழ் நகல்களையும் நேரில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கி வையுங்கள்.